நிறுத்தி வைத்த கனார்ட் விமானத்தில் ஆள் ஆளுக்குக் கை வைக்கிறார்கள், என்ன செய்வது?

கொட்டகைக்காரன், செக்கானூரணி

எல்லோருக்கும் வணக்கம். செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் பழைய ரைஸ் மில் கொட்டகையில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து லாங்-ஈஸி என்ற சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இறக்கை, முன்சிறகு, இன்ஜின் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, சொந்தச் சக்கரத்தில் நிற்கிறது, இன்னும் பறக்கவில்லை. டிஜிசிஏ (விமானங்களுக்கு அனுமதி தரும் அரசுத் துறை) காகித வேலை தனிக் கதை, அதை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது அமெரிக்காவில் பர்ட் ரூட்டான் வடிவமைத்தது, முதல் விமானம் 1979இல் பறந்தது. சின்னச் சிறகு மூக்குப் பக்கம் (இதைத்தான் கனார்ட் என்பார்கள்), பெரிய இறக்கை பின்னால், இன்ஜினும் புரொப்பல்லரும் வால் இருக்க வேண்டிய இடத்தில். இறக்கை முனைக்கு முனை 26 அடி, ஆனால் காலி எடை 320 கிலோ சுற்றித்தான், இரண்டு புல்லட் எடை கூட வராது. தகடு, ரிவெட் எதுவும் கிடையாது. ஃபோமை வெட்டி அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸிப் பசையில் ஒட்டிச் செய்தது.

பிரச்சினை விமானம் இல்லை, பார்க்க வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் உசிலம்பட்டியிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வருகிறார்கள். வரவேண்டாம் என்று சொல்ல முடியாது, பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் சித்தப்பாவுக்கு வேண்டியவர்கள். ஒருவர் பேரனைத் தூக்கி ஸ்ட்ரேக் மேல் உட்கார வைத்து போட்டோ எடுத்தார் (இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் அகலமாக, திண்ணை மாதிரியே இருக்கும், அதற்குள்தான் பெட்ரோல் டேங்க்). இன்னொருவர் முன்சிறகைப் பிடித்து "என்னப்பா இவ்வளவு லேசா இருக்கு" என்று ஒரு கையால் மூக்கைத் தூக்கினார், பின்பக்கம் கீழே போய் புரொப்பல்லர் தரைக்கு ஒரு ஜாண் மேலே வந்து நின்றது, நல்லவேளையாக நண்பன் பாய்ந்து பிடித்தான். பையன்கள் புரொப்பல்லரைச் சுற்றுகிறார்கள், உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் வருகிறது, அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி சுற்றுகிறார்கள். கேனபி (ஓட்டுகிறவர் தலைக்கு மேல் மூடும் கண்ணாடி) மேல் வளையல் கீறல் இருக்கிறது, யாருடையது என்று யாரைக் கேட்பது.

"தொடாதீர்கள்" போர்டு வைத்தோம். போர்டுக்குப் பக்கத்தில் நின்று, விமானத்தில் ஒரு கை வைத்து செல்ஃபி எடுத்தார்கள்.

இப்போது திருமங்கலம் பக்கத்தில் ஒரு கல்லூரி கண்காட்சிக்குக் கேட்கிறார்கள், இரண்டு நாள் மைதானத்தில் நிற்க வேண்டும். அதற்குள் ஆயுத பூஜையும் வந்துவிடும், அம்மா இப்போதே பூசணிக்காய்க்குச் சொல்லி வைத்துவிட்டார். யாருக்காவது இந்த மாதிரி அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். கயிறு கட்டுவதா, ஆள் போடுவதா, மூடியே வைப்பதா? கூட்டத்தோடு சண்டை போடாமல் செய்யக்கூடியதாகச் சொன்னால் நல்லது, ஊருக்குள் இருக்க வேண்டியவன் நான்.

---

ஓய்வு ஏர்ஃபிரேம், திருநகர்

தம்பி, முதலில் அந்த "டக்" சத்தத்தைப் பேசுவோம், மற்றதெல்லாம் அப்புறம். அது மேக்னெட்டோவின் (பிளக்குக்குப் பொறி தருகிற கருவி) இம்பல்ஸ் கப்ளிங். ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் பிளக்கில் நல்ல பொறி விழ வேண்டும் என்பதற்காக ஒரு ஸ்பிரிங் இறுகி, பட்டென்று விடுகிற சத்தம். அதாவது பையன்கள் "டக்" கேட்கிற ஒவ்வொரு தடவையும் இன்ஜின் பொறி விடத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். சாவி ஆஃப்பில் இருக்கிறதே என்று நினைக்காதே. மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. ஸ்விட்சை ஆஃப் செய்தால் அது மேக்னெட்டோவை எர்த் செய்கிறது, அவ்வளவுதான். அந்த ஒற்றை வயர் எங்காவது விட்டிருந்தால் ஸ்விட்ச் ஆஃப், மேக்னெட்டோ ஆன். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி இருந்தால் போதும், ஒரு சுற்று அடித்துவிடும், அந்த ஒரு சுற்றில் கை போய்விடும். கார் மெக்கானிக்குகள் இதை நம்ப மாட்டார்கள், அவர்களுக்குச் சாவி எடுத்தால் எல்லாம் செத்துவிடும்.

எனவே கொட்டகையில் சும்மா நிற்கும் நாட்களில் மேல் பிளக் நான்கையும் கழற்றி, ஓட்டைக்கு மூடி போட்டு, கீழ் பிளக்குகளின் வயரையும் எடுத்துவிடு. இன்னும் ஓடாத விமானம்தானே, உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. கண்காட்சிக்கு என்றால் நான் புரொப்பல்லரையே கழற்றிவிடுவேன். பார்க்க வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு மேசை மேல் வைத்துக் காட்டு, மரத்தை எப்படி அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள் என்று கிட்டத்தில் பார்க்கலாம், அதுவே ஒரு கண்காட்சி. திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்குத்தான் முடுக்க வேண்டும். மரப் புரொப்பல்லர் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஒரு தடவை சோதித்துப் பார்.

கழற்ற மனமில்லையென்றால் இரண்டு பிளேடையும் படுக்கை வாட்டத்தில் நிறுத்து. மூக்கு தூக்கி பின்பக்கம் இறங்கினாலும் பிளேடு முனை தரையில் குத்தாது. ஆனால் அப்படி நிறுத்தினால் முனை ஆள் முகத்துக்கு நேரே வரும், இரண்டு முனைக்கும் சிவப்புத் துணி உறை போட்டுக் கட்டிவிடு.

அடுத்தது மூக்கு. உன் விமானத்தில் ஓட்டுகிறவர் இறங்கிவிட்டால் எடை மையம் பின் சக்கரத்துக்குப் பின்னால் போய்விடும், இன்ஜின் அங்கேதானே இருக்கிறது. அதனால்தான் ரூட்டான் மூக்குச் சக்கரத்தை மடித்து, விமானத்தை மூக்கால் தரையில் மண்டியிட வைத்தே நிறுத்தச் சொன்னார். கல்லூரிக்காரர்கள் "போட்டோவுக்கு நேராக நிற்கட்டும் சார்" என்பார்கள், கேட்காதே. நேராக நிறுத்தியே ஆக வேண்டுமானால் முன் சீட்டில் ஒரு ஆள் எடைக்கு மணல் மூட்டை, அதுவும் சீட்டில் இல்லை, கால் வைக்கிற இடத்தில் எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு முன்னால். மூக்கில் ஒரு வார் போட்டு தரையில் முளையடித்தும் கட்டு. இரண்டும் வேண்டும். ஒன்று போதாதா என்று கேட்காதே, கூட்டத்தில் மூட்டையை எவனாவது ஓரமாக எடுத்து வைத்துவிட்டு உள்ளே உட்காருவான்.

இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அதன் முனைகள் சக்கரத்துக்கு வெகு பின்னால் இருக்கின்றன. அங்கே ஒருவர் முழங்கையை ஊன்றிப் பேசிக்கொண்டு நின்றாலே மூக்கு எழும்பும். யாரும் மூக்கைத் தூக்க வேண்டும் என்றில்லை.

---

மேலூர்க்காரன், விஸ்கான்சின்

ஊர்க்காரர் ஒருவர் லாங்-ஈஸி கட்டுகிறார் என்று படித்ததும் உட்கார முடியவில்லை. நான் வேலைக்காக இங்கே வந்தவன், ஆஷ்கோஷில் ஜூலை கடைசியில் நடக்கும் ஏர்வெஞ்சர் விமானத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போய்விடுவேன். கனார்ட் விமானங்கள் எல்லாம் வரிசையாக மூக்கைப் புல்லில் வைத்து மேய்கிற மாதிரி நிற்கும். மூக்குக்கு அடியில் தேயாமல் இருக்க இங்கே பலர் ஐஸ் ஹாக்கி விளையாடும் ரப்பர் வில்லையை ஒட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் அதைத் தேட வேண்டாம், லாரி பட்டறையில் கிடைக்கும் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் அதே வேலையைச் செய்யும்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் விமானம் ஓட்டுகிறவர்கள் அல்லது கட்டுகிறவர்கள், அவர்களே கனார்டைத் தெரியாமல் தொட்டுக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். செஸ்னா மாதிரி சாதாரணச் சின்ன விமானம் ஓட்டிப் பழகியவருக்கு இறக்கைக்குக் கீழே எங்கே பிடிக்கலாம், எங்கே தள்ளலாம் என்று ஒரு பழக்கம் இருக்கும். அந்தக் கை இங்கே வந்து முன்சிறகின் பின் விளிம்பைப் பிடிக்கும். அது எலிவேட்டர். மேலே கீழே ஏற்றி இறக்குகிற பாகம், சின்ன கீல்களில் தொங்குகிறது, அதன் வடிவமும் எடைச் சமநிலையும் நூல் பிசகக் கூடாது. அதைப் பிடித்து மூக்கைத் தூக்கினால் உடனே ஒன்றும் உடையாது, அதுதான் ஆபத்து. விங்லெட்டில் (இறக்கை முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறகு) இருக்கும் ரடரும் (விமானத்தைப் பக்கவாட்டில் திருப்புகிற பாகம்) அப்படித்தான், வெளிப்பக்கம் மட்டும் திரும்பும்படி செய்தது, அது தெரியாதவர்கள் உள்பக்கமாக நெட்டித் தள்ளிப் பார்ப்பார்கள்.

கவனித்துப் பார்த்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒன்று, இது எதால் செய்தது, பிளாஸ்டிக்கா என்று தட்டிப் பார்க்க ஆசை. இரண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆசை, அதற்குத்தான் கேனபி விளிம்பிலும் ஸ்ட்ரேக்கிலும் சாய்கிறார்கள். அப்புறம் போட்டோ. இந்த மூன்றுக்கும் வேறு இடம் கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும், போர்டுக்கு வேலையே இருக்காது.

தட்டிப் பார்க்க: நீங்கள் பிளானைத் தொடங்கும்போது பயிற்சிக்காக ஃபோமில் கண்ணாடித் துணி ஒட்டி ஒரு துண்டு செய்திருப்பீர்களே, மேலே ஏறி நின்று பார்க்கச் சொல்வார்களே, அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதை ஒரு ஸ்டூலில் வையுங்கள். தட்டட்டும், வளைக்கட்டும், ஏறி நிற்கட்டும். பக்கத்தில் வெறும் ஃபோம் துண்டு ஒன்றையும் வைத்தால் விரலாலேயே ஒடித்துப் பார்த்துவிட்டு, இதுவா அதுவாக ஆனது என்று வாயைப் பிளப்பார்கள். எட்டிப் பார்க்க: காக்பிட்டுக்குப் பக்கத்தில், ஒரு அடி தள்ளி, இரண்டு படி வைத்த மர மேடை. அதற்குச் சொந்தமாக ஒரு கைப்பிடிக் கம்பி. ஏறுகிறவர் எதையாவது பிடித்தே ஆக வேண்டும், கம்பி இருந்தால் கம்பியைப் பிடிப்பார். போட்டோவுக்கு: மூக்குக்கு நேர் எதிரே பத்தடியில் தரையில் ஒரு வட்டம் போட்டு, இங்கிருந்து எடுத்தால் முழு விமானமும் விழும் என்று எழுதி வையுங்கள். நல்ல போட்டோ கிடைக்கிற இடத்தில்தான் நிற்பார்கள்.

கேனபியைத் திறந்து போட்டுவிட்டு நகராதீர்கள். பக்கவாட்டில் திறக்கிற பெரிய கண்ணாடி அது, ஒரு காற்று போதும் கீலோடு பிய்த்துவிட. நம் ஊர் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், அக்ரிலிக் எம்மாத்திரம்.

---

சும்மா பார்த்தேன்

ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறீர்கள். இதே ரூட்டானின் வாயேஜர் விமானம் 1986இல் உலகத்தை நிற்காமல் சுற்றக் கிளம்பியபோது ஓடுபாதையிலேயே இறக்கை முனை உரசி, விங்லெட் இரண்டும் பிய்ந்து போயின. அப்படியும் 9 நாள் பறந்து வந்து இறங்கியது. உங்கள் விமானம் ஒரு பாட்டி கை வைத்ததற்கே பயப்படுகிறதென்றால் அதில் ஏறாமல் இருப்பதே நல்லது. கொட்டகையைப் பூட்டுங்கள், வேலை முடிந்தது.

---

கொட்டகைக்காரன், செக்கானூரணி

பூட்டலாம், சாவி சித்தப்பாவிடம் இருக்கும், அவர் யார் கேட்டாலும் திறந்துவிடுவார். அதுதான் சொன்னேனே.

ஏர்ஃபிரேம் ஐயா, பிளக்குகளை நேற்றே கழற்றிவிட்டோம், புரொப்பல்லரையும் கண்காட்சிக்குக் கழற்றித்தான் கொண்டுபோகப் போகிறோம். மேலூர் அண்ணே, பயிற்சித் துண்டு இருக்கிறது, அதன் மேல் இவ்வளவு நாளாகப் பெயிண்ட் டப்பா வைத்திருந்தோம்.

இரண்டு கேள்வி பாக்கி. தெரியாமல் எங்காவது அடிபட்டிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இடது இறக்கையின் முன் விளிம்பில் ஒரு இடம் பெயிண்ட் மட்டும் மங்கலாக, மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறது, சைக்கிள் சாய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்துப் பட்டறைக்காரர் பட்டி போட்டுத் தேய்த்து ஒரு மணி நேரத்தில் சரி செய்கிறேன் என்கிறார். அப்புறம், ஆயுத பூஜை. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

---

மண்டபம் பைபர்

பட்டி போடவே போடாதீங்க. நான் பைபர் போட் வேலை செய்பவன், மண்டபம், பாம்பன் பக்கம் வள்ளங்கள் பழுது பார்க்கிறேன், விமானம் கட்டியதில்லை, ஆனால் கண்ணாடித் துணியும் ரெசினும் எங்கள் சோறு.

மேலே எழுதிய நண்பர் வாயேஜர் விங்லெட் பிய்ந்ததைச் சொன்னார். எது போனது என்று அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும், தெரிந்து முடிவெடுத்துப் பறந்தார்கள். இங்கே கதை வேறு. தகடு நசுங்கினால் நசுங்கியபடியே நிற்கும், யார் பார்த்தாலும் தெரியும். பைபர் அப்படியில்லை. அடி வாங்கி உள்ளே போய், பழைய வடிவத்துக்கே திரும்பி வந்துவிடும், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துணி ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கும். துணியும் ஃபோமும் ஒட்டியிருந்தால்தான் அந்தக் கூட்டுக்கு பலம், பிரிந்த இடத்தில் துணி வெறும் தோல்தான், அமுக்கம் வந்தால் மடங்கிவிடும்.

கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பால் பிடித்து லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள், முதலில் நல்லா இருக்கிற இடத்தில் தட்டிக் காதைப் பழக்குங்கள், அப்புறம் அந்தக் கோடு இருக்கும் இடத்துக்கு வாருங்கள். ஒட்டியிருக்கும் இடம் "டிக் டிக்" என்று கூர்மையாகக் கேட்கும், பிரிந்த இடம் "தொப் தொப்" என்று செத்த சத்தம். சத்தம் மாறுகிற இடத்தையெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் பழுதின் வரைபடம் தானே வந்துவிடும். கோடு இரண்டு அங்குலம் இருக்கும், பிரிந்தது ஒரு முழம் இருக்கும், எங்கள் வேலையில் இது சாதாரணம். மின்விசிறி, ரேடியோ எல்லாம் நிறுத்திவிட்டு விடியற்காலையில் செய்யுங்கள், மில் பக்கத்தில் பகலில் காதில் ஒன்றும் விழாது. வெள்ளைக் கோடு அல்லது நட்சத்திரம் மாதிரி வெடிப்பு இருந்தால் பெயிண்டை மட்டும் மெதுவாகக் கையால் தேய்த்து எடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், இழை உடைந்திருந்தால் பால் மாதிரி வெளுத்துத் தெரியும்.

இப்போது முக்கியமானது. உங்கள் இறக்கைக்குள் இருப்பது பாலிஸ்டைரீன் ஃபோம், நம் ஊர் தெர்மகோலுக்கு அண்ணன். எங்கள் போட் ரெசின் பாலியெஸ்டர், அதை அதன் மேல் ஊற்றினால் ஃபோம் கரைந்து காணாமல் போகும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எல்லாமே கரைக்கும். பட்டறைக்காரர் சுத்தம் செய்கிறேன் என்று தின்னர் துணியை அந்த வெடிப்பு மேல் வைத்துத் தேய்த்தால் அது வெடிப்பு வழியாக உள்ளே போய்க் குகை தோண்டிவிடும், வெளியே பட்டி அழகாக இருக்கும். நீங்கள் கட்டிய அதே எப்பாக்ஸி, அதே துணி, பிளானில் பழுது பார்க்கச் சொன்ன அதே முறை, வேறு வழியில்லை. கண்காட்சியில் யாராவது குளிர்பானம் கொட்டினால் தண்ணீர் போதும், தயவு செய்து யார் கையிலும் தின்னர் டப்பா கொடுக்காதீர்கள்.

கேனபிக்கு இன்னும் ஜாக்கிரதை. காய்ந்த துணியால் தூசி துடைத்தால் தூசியே கீறிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு பழைய சுங்குடிச் சேலை மாதிரி மெத்தென்ற பருத்தித் துணி. வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், அக்ரிலிக்கில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும்.

---

நாகமலை டீச்சர்

நான் பொறியியல் கல்லூரியில் ஆசிரியை, ஏரோமாடலிங் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன், கண்காட்சி நடத்தி நடத்தித் தொண்டை கட்டிப்போனவள். சார், கல்லூரி மைதானம் உங்கள் கொட்டகையை விட மோசம். கொட்டகைக்கு வருகிறவர்கள் உங்களைத் தெரிந்தவர்கள், உங்கள் முகத்துக்காகக் கொஞ்சம் தயங்குவார்கள். அங்கே ஒரே நேரத்தில் நாலு பஸ் பள்ளிப் பிள்ளைகள் இறங்குவார்கள்.

கயிறு கட்டுங்கள், ஆனால் ஒற்றைக் கயிறு கட்டினால் அதில் உட்காருவார்கள், குனிந்து நுழைவார்கள். பந்தல்காரரிடம் சவுக்குக் கம்பு வாடகைக்கு வாங்கி, முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று. விமானத்தின் எந்த விளிம்பிலிருந்தும் 2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், கை நீளம் மட்டும் கணக்குப் போடாதீர்கள், செல்ஃபி குச்சியும் சேர்த்து. கம்பு விமானத்தின் மேல் சாயாத தூரமும் அதுதான்.

உள்வட்டத்துக்குள் ஐந்து ஐந்து பேராக விடுங்கள், விடுவதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம், நான் செய்து பார்த்த விஷயம். கீழே ஒரு ஜமுக்காளம் விரித்து, வாசலில் செருப்பு விட ஒரு இடம் போட்டுவிட்டால் நம் ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பையைத் தோளிலிருந்து இறக்கி வைப்பார்கள். எந்தப் போர்டும் இதைச் செய்யாது. பை என்றதும் ஞாபகம் வருகிறது, கேனபியைக் கீறுவது கையை விட முதுகுப் பையின் கொக்கிதான், திரும்பும்போது உரசும், பை வைக்க ஒரு மேசை போடுங்கள்.

காவலுக்கு செக்யூரிட்டிக்காரரை நிறுத்தாதீர்கள், அவர் சேர்மன் குடும்பம் வந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுவார். இரண்டாம் ஆண்டு மாணவிகள் நாலு பேருக்கு அரை நாள் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுங்கள், மூக்கு ஏன் தரையில் இருக்கிறது, இது ஏன் வெள்ளையாகவே இருக்கிறது என்று. (அடர் நிறம் அடித்தால் நம் கத்திரி வெயிலில் எப்பாக்ஸி இளகிவிடும் என்று சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள். அதே காரணத்துக்காகக் கறுப்புத் தார்ப்பாய் போட்டும் மூடாதீர்கள், வெள்ளைக் காடாத் துணி தைத்துக்கொள்ளுங்கள்.) பெங்களூருவில் இருக்கும் அரசு விமான ஆராய்ச்சி நிலையமான என்.ஏ.எல். 1987இலேயே இந்த லாங்-ஈஸி வடிவத்தை வைத்து ஒரு ஆராய்ச்சி விமானம் பறக்கவிட்டது, அதையும் சொல்லச் சொல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஆட்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், கை சும்மா இருக்கும்.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எங்கே வைக்கலாம் என்று சொல்லுங்கள். சந்தனம், குங்குமம் டயரிலும் டூல் பெட்டியிலும் தாராளமாக. முன்சிறகில் மட்டும் ஒரு பொட்டும் கூடாது, இது பக்தி விஷயம் இல்லை. லாங்-ஈஸியின் ஆரம்பகால முன்சிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழக வடிவம், அதில் மழைத்துளி படிந்தாலே காற்றோட்டம் கலைந்து மூக்கின் நிலை மாறியது, அதற்காகவே பிறகு இறக்கை வடிவமைப்பாளர் ஜான் ராங்ஸ் வேறு வடிவம் வரைந்து கொடுத்தார். உங்களுடையது எது என்று தெரியவில்லை, எதுவானாலும் காய்ந்த சந்தனக் கட்டி அங்கே வேண்டாம். மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர்கள் மூக்கில் இருக்கும் பிட்டோ குழாய்க்குள் (வேகத்தை அளக்கக் காற்று நுழையும் குழாய்) தெளித்துவிடாமல் அதற்கு ஒரு உறை போடுங்கள். அந்த உறை எப்போதும் இருக்கட்டும், குளவி கூடு கட்டுவதற்கும் அந்த மாதிரி ஓட்டைதான் பிடிக்கும். கற்பூரம் மட்டும் கொட்டகைக்கு வெளியே. டேங்க் காலிதானே என்பார்கள், காலி டேங்கில் ஆவி நிறைந்திருக்கும், அது நிறைந்த டேங்கை விடப் பொல்லாதது. பூசணிக்காயும் வாசலில் உடையட்டும், அதன் சதை வழுக்கி ஒருவர் விழுந்தால் பிடிப்பதற்குப் பக்கத்தில் இறக்கை இருக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் மட்டும் தாராளமாகச் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம், வண்டி எப்படியும் நகரப்போவதில்லை.

---

கொட்டகைக்காரன், செக்கானூரணி

டீச்சர், அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "டயர்ல வச்சா போதும்னு அந்தப் பொண்ணே சொல்லுதுல்ல" என்றார், முடிந்தது. பூசணிக்காய் ரோட்டோரம் போகிறது.

மண்டபம் அண்ணே, காலை ஐந்து மணிக்கு நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். கோடு இருக்கும் இடத்திலிருந்து கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு செத்த சத்தம் வருகிறது. பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இதைப் பழுது பார்த்த பிறகுதான் கண்காட்சி, தேதி தள்ளிப்போடக் கேட்டிருக்கிறோம்.

மைதானத்தில் முளை அடிப்பதற்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? திருமங்கலம் பக்கம் கரிசல் மண், காய்ந்தால் கல், மழை பெய்தால் களி.

---

ஓய்வு ஏர்ஃபிரேம், திருநகர்

கரிசலில் நேர் முளையை நம்பாதே, மழை பெய்த அன்று வெண்ணெயில் செருகியது போல வந்துவிடும். கூடாரக்காரர்கள் அடிக்கிற இரண்டடி இரும்பு முளையை விமானத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடி, ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு. கயிறு நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும், பாலியெஸ்டர் வார் வாங்கு. வார் கீழே கணுக்கால் உயரத்தில் போகும் இடத்தில் எல்லாம் மஞ்சள் துணி கட்டிவிடு, தடுக்கி விழுகிறவன் இறக்கையைத்தான் பிடிப்பான்.

தேதி முடிவானதும் இங்கே போடு. மணல் மூட்டை கட்ட நானும் வருகிறேன், திருநகரிலிருந்து பஸ் இருக்கிறது.